பிறக்கும் முன்பே புகுந்துவிடும் புழு

தெருவில் கண்டெடுத்த நாய்க்குட்டி. விலா எலும்பு தெரிகிறது. வயிறு மட்டும் பானைபோல உப்பியிருக்கிறது. பால் நிறையக் குடித்திருக்கிறது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் காரணம் பாலல்ல, குடற்புழு.

குட்டிகளை அதிகம் வாட்டுவது டாக்ஸோகாரா கேனிஸ் என்ற உருண்டைப்புழு. வெந்த சேமியாபோல வெளுத்து, 10 முதல் 18 செ.மீ. வரை நீளும். தாய் நாயின் தசைகளில் உறங்கிக் கிடக்கும் இளம்புழுக்கள், அது சினையானதும் விழித்துக்கொண்டு நஞ்சுக்கொடி வழியே குட்டிகளுக்குள் போய்விடும். தாய்ப்பாலிலும் வரும். பூனைகளில் கருவிலேயே தொற்றுவதில்லை. பால் வழியே தொற்றும்.

கருவிலேயே குட்டிக்குள் புகுந்த புழு நேராகக் குடலுக்குப் போவதில்லை. கல்லீரல், நுரையீரல் என்று சுற்றி, இருமலோடு தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலை அடைகிறது. வழக்கமாகக் கொடுக்கும் மருந்து குடலில் இருப்பவற்றைத்தான் கொல்லும். வழியில் இருப்பவை பிறகு வந்து சேரும். ஒருமுறை மருந்து கொடுத்து நிறுத்தினால் போதாது என்பது இதனால்தான். நாய்க்குட்டிக்கு 2 வார வயதிலும் பூனைக்குட்டிக்கு 3 வார வயதிலும் தொடங்கி, 8 வாரம் வரை 2 வாரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். பிறகு 6 மாதம் வரை மாதந்தோறும், அதன்பின் 3 மாதத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான கணக்கு. பாலூட்டும் தாய்க்கும் மருந்து உண்டு.

கொக்கிப்புழு குடல் சுவரைக் கவ்வி ரத்தம் குடிக்கும். குட்டியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள்; வெளுத்திருந்தால் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வாலடியில் அரிசி மணிபோல ஏதாவது ஒட்டிக்கொண்டு நெளிந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. அதற்கு வழக்கமான பைரான்டெல் மருந்து பலிக்காது, பிராசிகுவான்டெல் வேண்டும். இந்தப் புழுவைக் கடத்துவது தெள்ளுப்பூச்சி. ரோமத்தைக் கோதும்போது தெள்ளை விழுங்கினால் மறுபடியும் தொற்றும். தெள்ளை ஒழிக்காமல் நாடாப்புழுவை ஒழிக்க முடியாது.

உருண்டைப்புழுவின் முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கும் குழந்தைக்கும் அது தொற்றும்; கண் பார்வையையே பாதிக்கலாம். ஆனால் முட்டை தொற்றும் நிலைக்கு வர 2 முதல் 4 வாரம் ஆகும். மலத்தை அன்றன்றே அள்ளி அப்புறப்படுத்தினால் பாதி வேலை முடிந்தது.

மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. குட்டியை எடைபோட்டு, கால்நடை மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள். அடுத்த தேதியை அப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள். அது குட்டியையும் காக்கும், உங்கள் குழந்தையையும் காக்கும்.