வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள்

பள்ளிக்கூடம் என்றால் கேலியும் கிண்டலும் இருக்கத்தான் செய்யும். பட்டப்பெயர் வைக்காத வகுப்பு எங்கே இருக்கிறது? ஆனால் கேலிக்கும் கொடுமைக்கும் நடுவே ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டைப் பெற்றோரும் ஆசிரியரும் அறிந்திருப்பது அவசியம். தில்லிப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியையாக இருந்தவள் என்ற முறையில், இதைப் பற்றி நம் வாசகர்களோடு சில செய்திகளைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

1982-ல் நார்வே நாட்டில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். சக மாணவர்கள் செய்த கொடுமையே காரணமாக இருக்கக்கூடும் என்ற செய்தி வந்ததும் நாடே கலங்கியது. அடுத்த ஆண்டே அரசு பள்ளிகளில் ஒரு பெரிய இயக்கத்தைத் தொடங்கியது. அதையொட்டி டான் ஓல்வேயஸ் என்ற உளவியல் அறிஞர் பெர்கன் நகரில் 42 பள்ளிகளில் சுமார் 2,500 பிள்ளைகளிடையே பணியாற்றினார். அவர் சொன்ன அடையாளங்கள் மூன்று. வேண்டுமென்றே துன்புறுத்துவது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்க்க முடியாதவனிடம் செய்வது. இம்மூன்றும் சேர்ந்தால் அது விளையாட்டல்ல. அடி உதை மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். ஒரு பிள்ளையோடு யாரும் பேசக்கூடாது என்று கட்டுப்பாடு செய்வதும் இதில் அடங்கும். இன்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுச் சிரிப்பதும் அப்படித்தான்.

நம் பிள்ளைகளுக்கு இது எப்படி வருகிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். 'மதராசி' என்ற ஒரு சொல் போதும். இந்தி உச்சரிப்பு, தலையில் தடவிய எண்ணெய், நெற்றியில் விபூதி, டிபன் பாக்ஸில் தயிர்சாதம், அப்பாவின் பெயரே கடைசிப் பெயராக இருப்பது, நிறம் என்று எதை வேண்டுமானாலும் பிடித்துக்கொள்வார்கள். பல பிள்ளைகள் வீட்டில் இதைச் சொல்வதில்லை. ஏன் சொல்வதில்லை?

அதற்கு ஒரு காரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது. "பிழைக்க வந்த இடத்தில் வம்பு எதற்கு? நீ உண்டு, உன் படிப்பு உண்டு என்று இரு" என்று சொல்லி வளர்க்கிறோம். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் பிள்ளை இதிலிருந்து இரண்டு பாடம் கற்கிறது. தனக்கு அடி விழுந்தால் வாய் திறக்கக் கூடாது. அடுத்தவனுக்கு விழுந்தால் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இந்த இரண்டாவது பாடம்தான் கொடுமை செய்பவனுக்குப் பெரிய பலம்.

கனடாவின் டொரான்டோ நகரில் பள்ளி விளையாட்டுத் திடல்களைப் படமெடுத்து ஆராய்ந்து 2001-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பத்துச் சம்பவங்களில் ஏறத்தாழ ஒன்பதில் மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். ஐந்தில் ஒரு முறைதான் யாராவது குறுக்கிட்டார்கள். ஆனால் அப்படிக் குறுக்கிட்டபோதெல்லாம், பாதிக்கு மேற்பட்ட தடவை பத்து விநாடிக்குள் கொடுமை நின்றுவிட்டது! கூட்டம் இல்லாவிட்டால் கூத்து இல்லை. பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கி, 2009 முதல் நாடு முழுவதும் பரவிய 'கிவா' என்ற திட்டமும் வேடிக்கை பார்ப்பவர்களைத்தான் முதலில் மாற்றப் பார்க்கிறது.

குறுக்கிடுவது என்றால் சண்டைக்குப் போவதல்ல. "வாடா, விளையாடப் போகலாம்" என்று அந்தப் பையனைக் கையைப் பிடித்து அழைத்துப் போனால் போதும். சாப்பாட்டு இடைவேளையில் தனியாக இருப்பவன் பக்கத்தில் உட்காரலாம். சிரிக்காமல் இருப்பதுகூட ஓர் உதவிதான். ஆசிரியரிடம் சொல்வது கோள் சொல்வதாகாது. ஒருவனை மாட்டிவிடச் சொல்வது கோள். ஒருவனைக் காப்பாற்றச் சொல்வது உதவி. இந்த வேறுபாட்டை ஐந்து வயதிலேயே பிள்ளைக்குச் சொல்லித் தரலாம்.

பெற்றோர் செய்யக்கூடியவை:

1. காலையில் அடிக்கடி வயிற்றுவலி, கிழிந்த நோட்டு, காணாமல் போகும் பென்சில் பெட்டி, திரும்பி வரும் சாப்பாடு, ஸ்கூல் பஸ் என்றால் பயம் ஆகியவற்றைக் கவனியுங்கள்.

2. "மார்க் எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன் "இன்று யாரோடு சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள்.

3. பிள்ளை சொல்லும்போது "கண்டுகொள்ளாதே" என்றோ "திருப்பி அடி" என்றோ முடித்துவிடாதீர்கள். முழுவதும் கேளுங்கள்.

4. தேதி, இடம், நடந்தது ஆகியவற்றை எழுதி வையுங்கள். கைபேசியில் வந்ததை அழிக்காதீர்கள். அந்தப் பையனின் வீட்டுக்குச் சண்டைக்குப் போகாமல், வகுப்பாசிரியரிடம் கடிதமாகக் கொடுத்து, மறுபடி எப்போது சந்திக்கலாம் என்று நாள் கேட்டு வாருங்கள்.

பள்ளிகளுக்கும் கடமை உண்டு. சி.பி.எஸ்.இ. 2015-லேயே இதைத் தடுக்கக் குழு அமைக்கும்படி தன் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. உங்கள் பள்ளியில் அக்குழுவில் யார் இருக்கிறார்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். கொடுமை பெரும்பாலும் நடப்பது ஆசிரியர் கண் படாத மாடிப்படி, கழிப்பறை, பஸ்ஸின் பின்வரிசை ஆகிய இடங்களில்தான். அங்கே ஒரு பெரியவர் நின்றாலே பாதி குறையும். இன்னொன்று: இருவரையும் எதிரெதிரே நிறுத்திக் கைகுலுக்கச் சொல்வதை ஆசிரியர்கள் கைவிட வேண்டும். பயந்த பிள்ளை அங்கே உண்மையைச் சொல்லாது. தனித்தனியாகப் பேசுவதே முறை. பெர்கனில் தெளிவான சில விதிகள், இடைவேளை மேற்பார்வை, வகுப்புக் கூட்டம், பெற்றோரோடு பேச்சு ஆகியவற்றாலேயே இரண்டு ஆண்டுகளில் தொல்லை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. பள்ளி செவிசாய்க்காவிட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. நம் பிள்ளை எப்போதும் அடி வாங்கும் பக்கத்திலேயே இருக்கும் என்று எண்ண வேண்டாம். மணிப்பூர்ப் பெண்ணின் கண்ணைப் பற்றியும் பீகார்ப் பையனின் பேச்சைப் பற்றியும் நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நாம் என்ன பேசுகிறோமோ, அதுதான் மறுநாள் வகுப்பில் எதிரொலிக்கும். நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் தமிழ் தடுமாறும் குழந்தை மேடையேறினால் முதலில் சிரிப்பவர் யார்? பெரியவர்கள் நாம்தான். அந்தச் சிரிப்பை நிறுத்துவோம். வம்பு வேண்டாம் என்று சொல்லும் அதே வாயால், "உன் பக்கத்தில் ஒருவன் அழுதால் நீ அவன் பக்கம் நில்" என்றும் சொல்லி அனுப்புவோம்.