தள்ளவும் தெரிந்த கம்பி

இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரான கார் எம்ஜிபி. கூரை வைத்த ஜிடி வடிவத்தையும் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்கும் மேல் வெளிவந்தது. துணிக்கூரையை மடக்கிவிட்டுப் பறப்பதற்கான வண்டி. பிறந்ததோ குளிரும் தூறலும் ஓயாத நாட்டில். அப்படியிருந்தும் ஆரம்ப காலத்தில் ஹீட்டருக்குத் தனிக்காசு கொடுக்க வேண்டியிருந்தது. இன்று அந்த வண்டிகளைக் கட்டிக் காப்பாற்றுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார்: குமிழைத் திருகினால் சூடு வரவில்லை, அல்லது வந்த சூடு நிற்கவில்லை.

ஹீட்டர் எளிய ஏற்பாடுதான். பெட்ரோல் எரிந்து கிடைக்கும் ஆற்றலில் பெரும்பங்கு சக்கரத்துக்குப் போய்ச் சேராமல் வெப்பமாக வீணாகிறது. எஞ்சினைச் சுற்றி ஓடி 80 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறிய தண்ணீரில் கொஞ்சத்தை ஒரு குட்டி ரேடியேட்டருக்குத் திருப்பி, அதன் வழியே காற்றை ஊதினால் போதும். தண்ணீரைத் திறந்து மூடும் வால்வு எஞ்சினில் இருக்கிறது; அதற்கு உத்தரவிடும் குமிழ் டாஷ்போர்டில். நடுவே மோட்டாரும் இல்லை, மின்சாரமும் இல்லை. வளைந்து நெளிந்து போகும் ஒரு கம்பி, அவ்வளவுதான்.

வளைந்து கிடக்கும் கம்பியை இழுத்தால் அது நிமிரத்தானே பார்க்கும்? மறுமுனைக்கு இழுப்பு எப்படிப் போகிறது? 1896-இல் எர்னஸ்ட் மானிங்டன் போடன் காப்புரிமை பெற்ற அமைப்பின் சூட்சுமம் இங்கேதான். கம்பிக்கு மேலே ஓர் உறை; அதுவும் கம்பிதான், நெருக்கமாகச் சுருட்டியது. உள்கம்பியை இழுக்கும்போது உறை நசுங்கப் பார்க்கும். சுருள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பதால் நசுங்க இடமில்லை. உள்ளே இழுவிசை, வெளியே அதை ஈடுகட்டும் அழுத்தம். ஆகவே வேலை செய்வது கம்பி மட்டுமல்ல, உறையும்தான். உறையின் இரு முனைகளையும் அசையாமல் கவ்விப் பிடித்திருந்தால்தான் உள்கம்பியின் நகர்வு வால்வுக்குப் போய்ச் சேரும். கிளாம்ப் தளர்ந்துவிட்டால் உறை நழுவி ஓரிடத்தில் புடைத்துக்கொள்ளும். வால்வு சும்மா இருக்கும். கேபிளே போய்விட்டது என்று புதிது வாங்குகிறவர்களுக்குச் சில சமயம் ஒரு திருகை முறுக்குவதே போதுமானதாக இருந்திருக்கும்.

சைக்கிள் பிரேக்கிலும் இருப்பது போடன் கேபிள்தான். ஆனால் அதற்கு இழுக்க மட்டுமே தெரியும்; திரும்பி வருவது ஸ்பிரிங்கின் பொறுப்பு. அதனால் அதில் பல மெல்லிய இழைகளை முறுக்கிய கம்பி போதும். ஹீட்டர் வால்வைத் திறப்பதும் மூடுவதும் ஒரே கம்பி. ஒரு பக்கம் இழுக்க வேண்டும், மறுபக்கம் தள்ள வேண்டும். அதனால்தான் இங்கே ஒற்றைத் தடிக்கம்பி.

கம்பியைத் தள்ளுவது லேசான காரியமில்லை. உறைக்குள் இருக்கும்வரை சுற்றிலும் சுவர், மடங்க வழியில்லை. உறை முடிந்து வால்வின் நெம்புகோல் தொடங்கும்வரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிதான் ஆபத்து. ஒல்லியான தூண் எவ்வளவு பாரத்தில் மடங்கும் என்பதற்கான கணக்குக்கு 1744-இல் அடித்தளமிட்டவர் லியோன்ஹார்ட் ஆய்லர். நீளம் இரண்டு மடங்கானால் தாங்கும் திறன் கால்பங்காகும். 1.5 மி.மீ. எஃகுக் கம்பி 5 செ.மீ. நீட்டிக்கொண்டிருந்தால், கணக்குப்படி சுமார் 20 கிலோ தள்ளு தாங்கும். 10 செ.மீ. என்றால் 5 கிலோதான். ஏற்கெனவே லேசாக வளைந்த கம்பி அதுகூடத் தாங்காது.

உராய்வுக் கணக்கிலும் அதே ஆய்லர்தான் வந்து நிற்கிறார். படகுக் கயிற்றைத் துறைமுகத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஓர் ஆள் பெரிய படகையே பிடித்து நிறுத்தலாம். அங்கே உதவும் விதி இங்கே உபத்திரவம். வளைவுகளின் கோணம் கூடக்கூட உராய்வு கூட்டலாக ஏறுவதில்லை, பெருக்கலாக ஏறுகிறது. மொத்தம் 360 டிகிரி வளைந்து போகும் கேபிளில், எண்ணெய் போட்ட நிலையில் உராய்வுக் கெழு 0.15 என்றால், வால்வில் ஒரு கிலோ இழுக்கக் குமிழ்ப் பக்கம் இரண்டரை கிலோ வேண்டும். துருப்பிடித்துக் கெழு 0.4 ஆனால் பன்னிரண்டு கிலோவுக்கும் மேல்! வளைவைப் பாதியாக்கிப் பாருங்கள், அந்தப் பன்னிரண்டு மூன்றரைக்கு இறங்கிவிடும். வேறொருவர் கன்னாபின்னாவென்று ஓட்டிய கேபிளை நேர்வழியில் திருப்பி ஓட்டுவதே பாதி ரிப்பேர் என்பேன்.

குற்றவாளி யார் என்று முதலில் பார்க்க வேண்டும். வால்வுப் பக்கம் கம்பியைக் கழற்றிவிட்டு நெம்புகோலை விரலால் ஆட்டினால் தெரிந்துவிடும். அது இறுகிப்போயிருந்தால், புதுக் கேபிள் மாட்டினாலும் முதல் தள்ளிலேயே மடங்கும். கம்பிதான் இறுகியது என்றால் கேபிளைத் தொங்கவிட்டு மேல்முனையில் துளித்துளியாக எண்ணெய் விட்டு, ஊறிய பிறகு உள்கம்பியை உருவலாம். துரு லேசாக இருந்தால் மெல்லிய எமரி தாளால் தேய்த்து கிரீஸ் தடவினால் போதும். குழி விழுந்திருந்தால் அதே தடிமனில் பியானோ கம்பி வாங்கிக்கொள்ளலாம். மாதிரி விமானம் செய்பவர்களுக்கான கடைகளில் கிடைக்கும்.

அது முரட்டுக் கம்பி. சாதாரணக் கட்டிங் பிளேயரின் வாயில் பள்ளம் போட்டுவிடும். அரத்தால் கீறி ஒடிப்பது மேல். முனையில் வளையம் போடும்போது பிளேயரால் சட்டென்று மடக்கினால் முறியும்; ஓர் ஆணியைச் சுற்றி வளைக்க வேண்டும். உறையை வெட்டினால் கடைசிச் சுருள் உள்பக்கம் திரும்பிக் கம்பியைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அந்த நுனியை அரத்தால் ராவித் திறந்துவிடாமல் எந்த கிரீஸும் பலிக்காது.

மாட்டும்போது குமிழை மூடிய நிலைக்குத் திருப்பி, பிறகு கம்பி அரை மில்லிமீட்டர் போல நகரும் அளவுக்குத் திறக்கும் பக்கம் திருப்பி, வால்வைக் கையால் முழுக்க மூடி, அந்த நிலையில் கம்பியைப் பிடிக்கும் திருகை முறுக்க வேண்டும். குமிழ் தன் எல்லையைத் தொடுமுன் வால்வு அடைத்துவிடும். உறையின் கிளாம்ப் கடைசியில். அதன் முனை நெம்புகோலின் ஓட்டத்துக்குத் தேவையான இடத்தை மட்டும் விட்டு, எவ்வளவு கிட்டே வர முடியுமோ அவ்வளவு கிட்டே.