ஹெண்டி என்றால் கைபேசி

வேலைக்கோ படிப்புக்கோ ஜெர்மனியின் டுசல்டோர்ஃபுக்கு வந்து இறங்கும் தமிழர் காதில் முதல் வாரத்திலேயே விழும் சொல் 'ஹெண்டி'. வங்கியில் கணக்குத் தொடங்கும்போது ஹெண்டி எண் கேட்பார்கள். மருத்துவர் அறைச் சுவரில் ஹெண்டி வேண்டாம் என்று படம் ஒட்டியிருக்கும். ஆங்கிலத்தின் ஹேண்டிதான் இது, எழுத்துக்கூட்டலும் அதேதான். ஜெர்மானியர் முதல் எழுத்தை எகரமாக ஒலிக்கிறார்கள், பொருளையும் மாற்றிவிட்டார்கள். இங்கே ஹெண்டி என்றால் கைபேசி. ஜெர்மனியிலேயே வளர்ந்த ஈழத்தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசும்போதும் "அம்மா, என்ர ஹெண்டி எங்க?" என்றுதான் கேட்பார்கள்.

ஆங்கிலத்தில் இது ஒரு பொருளின் பெயரே அல்ல, தன்மையைச் சொல்லும் சொல். எட்டும் தூரத்தில் இருப்பது ஹேண்டி. "மழைக்காலம், டார்ச்சை ஹேண்டியா வெச்சுக்கோ" என்று சென்னையில் சொல்வது இந்தப் பொருளில்தான். கைக்கு அடக்கமாக, கையாள எளிதாக இருப்பதும் ஹேண்டி. ஒரு பொருள் 'கம் இன் ஹேண்டி' என்றால் சமயத்தில் கைகொடுக்கும் என்று அர்த்தம். மூன்றாவது, கைவேலைத் திறமை. குழாய் ஒழுகினாலும் கதவுத் தாழ் கழன்றாலும் தானே சரிசெய்துவிடுகிறவரை ஹேண்டி என்பார்கள். ஹேண்டிமேன் என்ற பெயர் அதிலிருந்து வந்தது.

ஜெர்மன் பேசும்போது இந்த மூன்றுக்கும் ஹெண்டியைப் போட முடியாது. கைக்கு எட்டும்படி இருப்பதற்கு 'கிரிஃப்பெரைட்', கைக்கு அடக்கமானதற்கு 'ஹாண்ட்லிஷ்', கைத்திறன் உள்ளவருக்கு 'கெஷிக்ட்'. ஒரு பையைக் காட்டி அது ஹெண்டி என்றால், கேட்பவர் பைக்குள் போனைத் தேடுவார். எதிர்த்திசையிலும் இதே குழப்பம் உண்டு. ஜெர்மன் சக ஊழியர் ஆங்கிலத்தில் பேசும்போது "என் ஹேண்டிக்கு அனுப்புங்கள்" என்று சொன்னால், சென்னையில் இருப்பவருக்கு எங்கே அனுப்புவதென்று புரியாது.

இந்தச் சொல் எங்கிருந்து கிளம்பியது என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் பயன்படுத்திய மோட்டரோலா கைவானொலிக்கு 'ஹேண்டி டாக்கி' என்று பெயர். கைபேசி வருவதற்கு முன்பே ஜெர்மனியின் வானொலி ஆர்வலர்கள் தங்கள் கைக்கருவியை ஹெண்டி என்று அழைத்துவந்தார்கள். 1992-இல் லோவே நிறுவனம் 'ஹெண்டிடெல் 100' என்ற பெயரில் ஒரு போனை அறிமுகப்படுத்தியது.

சொல் பரவிய கதையில் டுசல்டோர்ஃபுக்குப் பெரிய பங்கு உண்டு. எஃகுக் குழாய்த் தொழிலில் பேர் பெற்ற இந்நகரத்து மானஸ்மான் நிறுவனம் 1989-இல் கைபேசிச் சேவைக்கு உரிமம் பெற்றது. 1992-இல் அதன் டி2 வலையமைப்பு தொடங்கியது. அதே ஆண்டில் பான் (Bonn) நகரத்து டெலிகாமின் டி1 வலையமைப்பும் தொடங்கியது. அந்தக் காலத்து மோட்டரோலா கைபேசி அரைக் கிலோ கனம். அதன் வடிவத்தைப் பார்த்து மக்கள் 'எலும்பு' என்று பெயர் வைத்தார்கள். அடுத்து வந்த ஈ-பிளஸ் நிறுவனமும் டுசல்டோர்ஃபில்தான் தலைமையகம் வைத்தது. 2000-இல் வோடஃபோன் மானஸ்மானை வாங்கியது. உலகம் அதுவரை கண்டிராத அளவுக்குப் பெரிய நிறுவன விற்பனை அது. வோடஃபோன் ஜெர்மனியின் தலைமையகம் இன்றும் இந்நகரின் ஹெயர்ட் பகுதியில் இருக்கிறது.

தமிழர் எங்கே வாழ்கிறார்களோ அந்த ஊர் வழக்கே அவர்கள் வாயில் ஒட்டிக்கொள்கிறது. தமிழ்நாட்டில் செல், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஹேண்ட்போன், சுவிட்சர்லாந்தில் நாட்டெல். பிழை என்று இவற்றில் எதையும் நான் ஒதுக்க மாட்டேன்.

ஹெண்டியைப் போலவே பழகிய முகத்தோடு வேறு பொருள் தரும் சொற்கள் ஜெர்மனில் இன்னும் சில உண்டு. உணவகத்தில் 'ஷெஃப்' என்றால் முதலாளி அல்லது மேலாளர், சமைப்பவர் 'கோஹ்'. 'பீமர்' திரையில் படம் காட்டும் கருவி. 'ஓல்ட்டைமர்' பழங்காலக் கார். பெற்றோர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது 'கிம்னாசியும்'. அது உடற்பயிற்சிக் கூடம் அல்ல, பல்கலைக்கழகப் படிப்புக்கு வழிகாட்டும் மேல்நிலைப் பள்ளி.

ஹெண்டியோடு வரும் கூட்டுச்சொற்களில் பணம் சம்பந்தப்பட்டது 'ஹெண்டிஃபெர்ட்ராக்', அதாவது கைபேசி ஒப்பந்தம். முதல் ஒப்பந்தக் காலம் 24 மாதம் வரை இருக்கலாம். முன்பெல்லாம் உரிய நேரத்தில் ரத்துக் கடிதம் அனுப்பாவிட்டால் இன்னொரு ஆண்டு மாட்டிக்கொள்ள நேரும். 2021 டிசம்பர் 1 முதல் சட்டம் மாறிவிட்டது. முதல் காலம் முடிந்தபின் ஒரு மாத முன்னறிவிப்போடு எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். ரத்து செய்வதற்கு ஜெர்மன் சொல் 'கியூண்டிகுங்'. கையெழுத்துப் போடும் முன் தாளில் அந்தச் சொல் எங்கே இருக்கிறதென்று தேடி, அந்தப் பத்தியை முழுதாகப் படியுங்கள்.