கண்ணாடித் தொட்டியில் நன்னீர் இறால்

இறால் என்றதும் நம் நினைவுக்கு வருவது கடல். ஆனால் கடலையே காணாமல் ஓடையிலும் ஏரியிலும் பிறந்து, வளர்ந்து, மடியும் சிற்றிறால்களும் உண்டு. வண்ண மீன் விற்கும் கடைகளில் இப்போது இத்தகைய இறால்களும் கிடைக்கின்றன. விருதுநகர், சிவகாசி, சாத்தூர்ப் பகுதியில் இவற்றை வளர்க்க விரும்புவோர் முதலில் இரண்டைப் பற்றி அறிய வேண்டும். ஒன்று நம் வெயில். மற்றொன்று நம் நீர்.

எந்த இறால்?

தொடக்கநிலையினருக்கு ஏற்றது 'செர்ரி இறால்' எனப்படும் சிவப்பு இறால். இதன் அறிவியல் பெயர் நியோகாரிடினா டேவிடி. தாயகம் சீனா, தைவான் முதலிய கிழக்காசியப் பகுதி. நீளம் 2 முதல் 3 செ.மீ. பெண் இறால் தன் முட்டைகளை வயிற்றின் அடியில் சுமந்து திரியும். மூன்று, நான்கு வாரங்களில் தாயைப் போன்ற உருவத்துடனேயே குஞ்சுகள் வெளிவரும். எல்லா இறால்களும் இப்படியல்ல. பாசி தின்பதற்காக ஜப்பானியத் தொட்டிக் கலைஞர் தகாஷி அமானோ 1980களில் புகழ்பெறச் செய்த 'அமானோ இறால்' நன்னீரில் வாழ்ந்தாலும், அதன் இளவுயிரிகள் வளர உப்பு கலந்த நீர் வேண்டும். ஆகவே வீட்டுத் தொட்டியில் அது பெருகுவதில்லை.

தொட்டியும் காத்திருப்பும்

50 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம் உள்ள தொட்டியில் 27 செ.மீ. உயரத்துக்கு நீர் நிரப்பினால் ஏறத்தாழ 40 லிட்டர் ஆகும். இதைத் தாங்க உறுதியான மேசை தேவை. நேர் வெயில் படாத இடமாகப் பார்த்து வையுங்கள். அடியில் நன்கு கழுவிய மணல் பரப்பி, பாடநூலில் படித்த ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா போன்ற நீர்த்தாவரங்களை நடலாம். சிறு காற்றுப் பம்பினால் இயங்கும் ஸ்பாஞ்சு வடிகட்டி போதும். அது குஞ்சுகளை உறிஞ்சி இழுக்காது.

தொட்டி அமைத்த அன்றே இறாலை விடக் கூடாது. உயிர்களின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அந்த நைட்ரைட்டைக் கேடு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை பிடிக்கும். அதுவரை இரண்டு நாளுக்கொரு முறை ஒரு சிட்டிகை மீன் உணவை இட்டு வாருங்கள். சோதனைக் கரைசலில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் இல்லை எனத் தெரிந்த பின்னரே இறால் வாங்க வேண்டும்.

வெயிலும் ஆக்ஸிஜனும்

இந்த இறாலுக்கு உகந்த வெப்பநிலை 22 முதல் 28 டிகிரி செல்சியஸ். நம் பகுதியின் கோடையிலோ வீட்டுக்குள் இருக்கும் நீரே 30 டிகிரியைத் தாண்டிவிடும். இதனால் விளையும் தீங்குகள் இரண்டு. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9.1 மில்லிகிராம் ஆக்ஸிஜனைக் கரைத்து வைத்திருக்க முடியும். 30 டிகிரியில் 7.6 மில்லிகிராம்தான். இறாலுக்கோ வெப்பம் ஏற ஏற ஆக்ஸிஜன் தேவை கூடுகிறது. வரவு குறையும்போது செலவு உயர்கிறது! இது முதல் தீங்கு. அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் வெப்பத்தோடு சேர்ந்து ஏறுவது இரண்டாவது.

இதற்கு மருந்து மண்பானைத் தத்துவமே. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். 40 லிட்டர் நீரை ஒரு டிகிரி குளிர்விக்க 40,000 கலோரியை வெளியேற்ற வேண்டும். வகுத்துப் பாருங்கள்: 70 கிராமுக்கும் குறைவான நீர் ஆவியானால் போதும். அறையின் வெப்பம் மீண்டும் நீரில் புகுவதால் நடைமுறையில் இன்னும் சற்றுக் கூடுதலாக ஆவியாக வேண்டியிருக்கும். மூடியை அகற்றி, கொசுவலைத் துணியால் மூடி, நீர்ப்பரப்பின் மேல் காற்று படும்படி ஒரு சிறு மின்விசிறியை வையுங்கள். காற்று வறண்டிருந்தால் நீர் விரைந்து ஆவியாகும். ஆதலால் ஈரக் காற்று வீசும் கடற்கரை ஊர்களைவிட நம் ஊரில் இம்முறை நன்கு பலன் தரும்.

நீர் போகும், உப்பு போகாது

ஆனால் ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். தூத்துக்குடி உப்பளத்தில் நடப்பதும் இதுதான். லிட்டருக்கு 200 மில்லிகிராம் உப்பு கரைந்துள்ள 40 லிட்டர்த் தொட்டியில் வாரம் 4 லிட்டர் ஆவியாவதாகக் கொள்வோம். அந்தக் குறையை லிட்டருக்கு 1,200 மில்லிகிராம் உப்புள்ள ஆழ்துளைக் கிணற்று நீரால் நிரப்பினால், வாரந்தோறும் 4,800 மில்லிகிராம் உப்பு சேரும். அதாவது லிட்டருக்கு 120 மில்லிகிராம் கூடும். நான்கு வாரத்தில் 200 என்பது 680 ஆகிவிடும்! நீர் தெளிவாகவே இருக்கும். இறால்கள் மட்டும் தோலுரிக்க முடியாமல் சாகத் தொடங்கும்.

ஆகவே ஆவியான குறையை ஈடுசெய்ய உப்பு மிகக் குறைந்த ஆர்.ஓ. நீரோ, தூய மழைநீரோதான் ஊற்ற வேண்டும். முதன்முதலில் தொட்டியை நிரப்புவதற்கு வெறும் ஆர்.ஓ. நீர் உதவாது, ஓடு உருவாகக் கால்சியம் வேண்டும். லிட்டருக்கு 50 மில்லிகிராம் உப்புள்ள ஆர்.ஓ. நீர் 7 பங்குடன் மேற்சொன்ன கிணற்று நீர் 1 பங்கு கலந்தால், கிடைப்பது ஏறத்தாழ 194. இது ஏற்ற அளவே. உங்கள் நீரை டி.டி.எஸ். மானியால் அளந்து, இதே முறையில் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். குழாய் நீரானால் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரினைப் போக்கிவிட வேண்டும்.

நஞ்சாகும் பொருள்கள்

வாணவெடியில் நீல ஒளி தருவது தாமிரச் சேர்மம். இறாலின் இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோசயனின் என்ற பொருளிலும் தாமிரம் உண்டு. எனினும் நீரில் கரைந்த தாமிரம் மிகச் சிறிதளவே இருந்தாலும் இறாலைக் கொன்றுவிடும். பட்டாசு ஆலையில் மருந்து கையாண்டு திரும்புவோர் சோப்பு போட்டுக் கைகழுவாமல் தொட்டியில் கை வைக்கக் கூடாது. செப்புக் குடத்து நீர் வேண்டாம். மீன் நோய்க்கு மயில்துத்தம் கலந்த மருந்தும் இடலாகாது.

டெங்குத் தடுப்புப் பணியாளர்கள் தண்ணீர்த் தொட்டிகளில் ஊற்றும் அபேட் கொசுப்புழுக்களை அழிப்பது. பூச்சிகளைப் போலவே இறாலும் கணுக்காலி இனத்தைச் சேர்ந்ததால் அது இறாலையும் தாக்கும். அதற்காக அப்பணியாளர்களைத் தடுப்பது தவறு. இறாலுக்கான நீரைத் தனிப் பாத்திரத்தில் முன்கூட்டியே பிடித்து, வலையிட்டு மூடி வைத்துக்கொள்ளலாம். கொசுவிரட்டித் திரவத்தையும் தெளிப்பானையும் அந்த அறையில் பயன்படுத்த வேண்டாம்.

இறாலை விடுதல்

முதலில் பத்து இறால்கள் போதும். வாங்கி வந்த நீரோடு ஒரு பாத்திரத்தில் இட்டு, முடிச்சிட்ட மெல்லிய குழாய் வழியே தொட்டி நீரை ஒன்றரை மணி நேரம் சொட்டச் சொட்ட விட்டுப் பழக்குங்கள். தொட்டியில் தானே படியும் பாசிப்படலமே இவற்றின் முதன்மை உணவு. உலர்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்றையும், வாரம் இருமுறை வெந்த கீரைத் துணுக்கையும் இடலாம். மிஞ்சிய கீரையை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். உரித்த தோல் மிதந்தால் அகற்றாதீர்கள். அதிலுள்ள கால்சியத்துக்காக இறாலே அதைத் தின்றுவிடும்.

பெருகிய இறால்களை நண்பர்களுக்குக் கொடுங்கள். கண்மாயிலோ ஓடையிலோ விட்டுவிடாதீர்கள். ஜெர்மனியில் மின்நிலையத்தின் வெந்நீர் கலக்கும் ஓர் ஓடையில் இந்த அயல்நாட்டு இறால் குடியேறிப் பெருகியுள்ளது. வெந்நீரின் உதவி இல்லாமலே வெதுவெதுப்பாக இருப்பவை நம் கண்மாய்கள். அங்கே நமக்கே உரிய சிற்றிறால்கள் வாழ்கின்றன. அவற்றின் இடம் அவற்றுக்கே இருக்கட்டும்.