இன்ஜினுக்கு எதற்குச் சட்டை?

போன லீவில் ஏலாக்குறிச்சியில் வரப்பில் உட்கார்ந்திருந்தோம். மேலே ஒரு விமானம் போனது. அப்பா அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "நம்ம ஆயில் இன்ஜினைத் திறந்து போட்டு ஓட்டியும் கொதிக்குது. அவன் மட்டும் ஏன்டா டப்பாவுக்குள்ள மூடி வச்சிருக்கான்? சூடேறாதா?" மெக்கானிக்கல் படிக்கும் எனக்குப் பதில் வரவில்லை. மானம் போனது நண்பர்களே! திரும்பி வந்ததும் லைப்ரரியில் தேடினேன்.

அந்தக் கூட்டுக்கு நசெல் என்று பெயர். அதில் திறந்து மூடும் கதவுகள் கவுலிங். 1920-களில் பல விமான இன்ஜின்கள் சிலிண்டர் வெளியே தெரியத் திறந்துதான் கிடந்தன. காற்று அதில் மோதிச் சிதறி, வண்டியைப் பின்னால் இழுத்தது. 1928-இல் அமெரிக்காவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் ஃப்ரெட் வீக் குழுவினர் இன்ஜினை முழுசாக மூடிப் பார்த்தார்கள். மணிக்கு 118 மைல் பறந்த விமானம் அதே இன்ஜினில் 137 மைல் பறந்தது! சூடும் மீறவில்லை. வயலில் பரவுகிற தண்ணீரை வாய்க்கால் வெட்டித் திருப்புவது போல, காற்றை ஃபின்களுக்கு நடுவே பாய்ச்சிவிட்டார்கள்.

இன்றைய ஜெட்டில் இந்தச் சட்டைக்கு வேலை அதிகம். வாய்ப்பகுதி, பாய்ந்து வரும் காற்றின் வேகத்தைக் குறைத்து விசிறிக்குக் கொடுக்கிறது. உள்சுவரில் தேன்கூடு போன்ற அறைகள் இரைச்சலை விழுங்குகின்றன. விளிம்பில் பனி உறையாதபடி இன்ஜினின் சூடான காற்றையே அங்கே அனுப்புகிறார்கள்.

இவ்வளவும் நிற்பது சில கொக்கிகளில். 2022 பிப்ரவரி 9 அன்று மும்பையிலிருந்து புஜ் கிளம்பிய அலையன்ஸ் ஏர் ஏடிஆர் விமானத்தின் கவுலிங் ரன்வேயிலேயே கழன்று விழுந்தது. உள்ளே சுமார் 70 பேர். நல்லபடியாகப் போய் இறங்கியது.

2013 மே 24 லண்டன் ஹீத்ரோ சம்பவம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. ராத்திரி செக்கப்பில் இரண்டு டெக்னீஷியன்கள் கவுலிங்கைப் பூட்டாமல், ஆயில் ஊற்றும் சாமான் எடுத்துவரப் போனார்கள். திரும்பியபோது வேறொரு விமானத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே எல்லாம் பூட்டியிருந்தது. யாரோ பூட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்! கொக்கி இருப்பதோ இன்ஜினின் அடிவயிற்றில். குனிந்து பார்த்தால்தான் தெரியும். காலையில் விமானம் மேலேறும்போது இரண்டு இன்ஜின்களின் கதவுகளும் பிய்ந்து போயின. ஒன்றில் தீ. எப்படியோ திரும்பி வந்து இறங்கிவிட்டார்கள்.

பிறகு ஏர்பஸ் 320 ரகத்துக்குப் புதுக் கொக்கி வந்தது. திறக்கச் சாவி வேண்டும். சரியாகப் பூட்டினால்தான் சாவி கையோடு வரும். அதைக் காக்பிட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

அப்பாவுக்கு இந்தச் சாவி சமாச்சாரம் ரொம்பப் பிடித்துவிட்டது. இன்ஜின் கொட்டகைச் சாவியை அவர் அரைஞாண் கயிற்றில்தான் முடிந்து வைத்திருப்பார்.