எரிபொருட் சிக்கனம்

பொருளை ஈட்டுதல் ஓர் ஆற்றல். ஈட்டியதை வீணாக்காது காத்தல் பிறிதோர் ஆற்றல். பின்னதற்கே சிக்கனம் என்று பெயர். சிக்கனம் வேறு, உலோபம் வேறு. வேண்டிய இடத்தும் செலவிடாமை உலோபம். வேண்டாத இடத்துச் செலவிடாமை சிக்கனம். நெல்லுக்கும் நீருக்கும் உரிய இந்நெறி, இக்காலத்தில் நாம் நாள்தோறும் எரிக்கும் பெட்ரோலுக்கும் உரியதே. மோட்டார் வண்டியில் அதனை எவ்வாறு சிக்கனமாகச் செலவிடலாம் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

புதுவைக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்தது எங்கள் ஊராகிய பொம்மையார்பாளையம். ஒருபுறம் வங்கக் கடல்; மறுபுறம் செம்மண் மேடும் முந்திரித் தோப்புகளும். இங்கிருந்து செல்லும் சாலை காலாப்பட்டு, கீழ்ப்புத்துப்பட்டு, அனுமந்தை, கூனிமேடு ஆகிய ஊர்களைக் கடந்து, உப்பளங்கள் மிகுந்த மரக்காணத்தை அடைகிறது. தொலைவு ஏறத்தாழ 25 கிலோமீட்டர் இருக்கும்.

என் தங்கை மகன் மரக்காணத்தில் ஓர் அலுவலகத்தில் பணியாற்றுகிறான். நாள்தோறும் காரில் சென்று மீள்வான். கார் சிறியது, ஆயினும் பந்தயக் குதிரை போன்ற துடிப்புடையது. திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையில் உருவாகி, 2021 ஆம் ஆண்டில் வெளிவந்த ஹூண்டாய் ஐ20 என் லைன் என்னும் வகையைச் சேர்ந்தது. கடன் பெற்று வாங்கிய அவ்வண்டியைத் தன் பிள்ளையைப் போலவே பேணினான். ஆயினும், மாதந்தோறும் பெட்ரோலுக்காகும் செலவு அவனை வருத்திற்று. புதுவை எல்லைக்குள் விலை லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்று காலாப்பட்டில் நிரப்பிப் பார்த்தான், அதுவும் போதவில்லை. தாயின் கண் மருத்துவத்திற்கென ஒதுக்கிய தொகையிலும் கைவைக்க நேர்ந்தது. “மாமா, வண்டியை விற்றுவிடலாமா என்று நினைக்கிறேன்” என்று ஒருநாள் மனம் வெதும்பிக் கூறினான்.

மறுநாள் நானும் அவனுடன் புறப்பட்டேன். சாலை வெறிச்சோடிய இடங்களில் வண்டி அம்பெனப் பாய்ந்தது; வேகத்தடையைக் கண்டதும் திடுமென அடங்கிற்று; மீண்டும் பாய்ந்தது. கூனிமேட்டை அணுகியபொழுது, மீன்கூடை சுமந்த மூதாட்டி ஒருவர் சாலையைக் கடக்க இறங்கினார். வண்டி அருகே சென்ற பின்னரே அவன் பிரேக்கை ஓங்கி மிதித்தான். டயர்கள் அலறின. அம்மூதாட்டி திகைத்து நின்றார். கூடை சரிந்து மீன்கள் தார்ச்சாலையில் சிதறின. நாங்கள் இருவரும் இறங்கி அவற்றைப் பொறுக்கிக் கூடையிலிட்டு, அவர்பால் மன்னிப்பு வேண்டினோம்.

வண்டி மீண்டும் புறப்பட்டதும், “தம்பி, அந்த அம்மையார் இறங்கியதை நீ எப்பொழுது கண்டாய்?” என்று கேட்டேன்.

“தொலைவிலேயே கண்டேன், மாமா. அதற்குள் கடந்துவிடுவார் என்று எண்ணினேன்.”

“கண்டவுடன் காலை எடுத்திருந்தால், பிரேக்கிற்கு இவ்வளவு வேலை இருந்திராது அல்லவா?”

அவன் மறுமொழி கூறவில்லை. ஆயினும் அவன் செலவுக்கும் அம்மூதாட்டியின் அச்சத்திற்கும் காரணம் ஒன்றே என்பது எனக்குப் புலப்பட்டது. எங்கள் ஊரில் நெடுங்காலம் மோட்டார்த் தொழில் செய்த முதியவர் ஒருவரிடம் கேட்டறிந்தவற்றையும் நூல்களிற் கற்றவற்றையும் கொண்டு அதனை விளக்குவேன்.

பெட்ரோல் எரிந்து வெளிப்படும் ஆற்றல் முழுவதும் சக்கரத்தைச் சென்று சேர்வதில்லை. அதன் பெரும்பகுதி வெப்பமாகவே கழிகிறது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே வண்டியை ஓட்டுகிறது. அந்த ஒரு பங்கும் மூன்று வழிகளிற் செலவாகும். நின்ற வண்டிக்கு வேகம் ஊட்டுவது ஒன்று. எதிர்க்கும் காற்றைப் பிளந்து செல்வது ஒன்று. டயர் தரையில் உருளும்பொழுது எழும் தடையை வெல்வது ஒன்று. இம்மூன்றையும் அறிந்தவனே சிக்கனமாக வண்டி செலுத்த வல்லவன்.

முதலில் வேகம் ஊட்டுதலைக் காண்போம். ஆளும் வண்டியுமாக 1,200 கிலோ எடை என்று கொள்வோம். அதனை நின்ற நிலையிலிருந்து மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்திற்குக் கொண்டுவர ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் பெட்ரோல் வேண்டும். குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கில் ஒரு சங்களவு என்று சொல்லலாம். வேகம் வந்தபின் அந்த ஆற்றல் வண்டியிலேயே சேமிப்பாக இருக்கிறது. பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினால் அச்சேமிப்பு முழுவதும் பிரேக்கின் சூடாக மாறிக் காற்றில் மறைகிறது. போக வர இருபது இடங்களில் இவ்வாறு பாய்ந்து நின்றால், அரை லிட்டருக்கும் மேற்பட்ட பெட்ரோல் பிரேக்கிலேயே கரைந்துவிடும்.

மரக்காணத்து உப்பளத் தொழிலாளர் பாத்திகளில் நீரைப் பாய்ச்சிப் பல நாள் வெயிலில் காத்திருந்து உப்பை விளைவிக்கின்றனர். விளைந்த உப்பின்மேல் ஒருநாள் பெருமழை பெய்யின் அவ்வுழைப்பெல்லாம் கரைந்துபோகும். வண்டி சேர்த்த வேகத்திற்குப் பிரேக் அத்தகைய மழை. உப்பளத்தார் வானத்தை நோக்குவது போல், வண்டி செலுத்துவோனும் சாலையை நெடுந்தொலைவு நோக்குதல் வேண்டும். வேகத்தடையோ, பள்ளிச் சிறுவரோ, ஆட்டு மந்தையோ தென்பட்டவுடன் முடுக்கியிலிருந்து காலை எடுத்துவிட்டால், வண்டி தன் சேமிப்பிலேயே உருண்டு சென்று தானே மெல்ல அடங்கும். இடர் நேருங்கால் பிரேக்கை மிதிக்கத் தயங்கலாகாது. அத்தகைய இடர் அடிக்கடி நேராதவாறு செலுத்துவதே திறமை.

இங்கே ஒரு தவறான வழக்கத்தையும் சுட்டவேண்டும். இறக்கத்திலும், நிறுத்தத்தை நெருங்கும்போதும் கியரை நீக்கி ‘நியூட்ரலில்’ உருட்டினால் பெட்ரோல் மிச்சமாகும் என்று பலர் எண்ணுகின்றனர். பழைய கார்புரேட்டர் வண்டிகளின் காலத்தில் பிறந்த எண்ணம் அது. இக்காலக் கார்களில் பெட்ரோலைத் தெளிப்பது மின்னணுக் கருவி. கியரில் இருக்கும்பொழுது முடுக்கியிலிருந்து காலை எடுத்தால், உருளும் சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றும். கருவி பெட்ரோல் தெளிப்பை நிறுத்திவிடும். நியூட்ரலிலோ, எஞ்சின் அணையாமலிருக்கப் பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கும். மேலும், எஞ்சினின் பிடியும் நீங்கிவிடுவதால் வண்டி கட்டுக்கடங்காமற் போகவும் கூடும்.

இரண்டாவது பகை காற்று. வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் உள்ள எதிர்ப்பைக் காட்டிலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 1.8 மடங்கு எதிர்ப்பு உண்டு. இவ்வளவு செலவிட்டு நாம் பெறும் ஊதியம் யாது? எங்கள் ஊரிலிருந்து மரக்காணத்திற்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 25 நிமிடம். 80 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 19 நிமிடம். ஆறே நிமிடம்! அதுவும் வழியில் ஒரு தடையும் இல்லையாயின். 1978 ஆம் ஆண்டில் இந்திய அரசின் பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் நிறுவப்பெற்ற பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம், மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வரையுள்ள வேகமே சிக்கனத்திற்கு ஏற்றது என அறிவுறுத்தி வந்துள்ளது.

விரைவு மிக்க சிறு காருக்கு இவ்வறிவுரை பொருந்துமா என்று ஐயுறலாம். நன்கு பொருந்தும். என் தங்கை மகனுடைய காரின் எஞ்சின் 998 கன சென்டிமீட்டர் கொள்ளளவே உடையது. மூன்று உருளைகள் கொண்டது. புகையாக வெளியேறும் வாயுவின் விசையால் ‘டர்போ’ என்னும் சிறு சுழலி சுழன்று, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும். மிகுதியாகச் செல்லும் காற்றுக்கேற்ப மிகுதியாகப் பெட்ரோலும் தெளிக்கப்படும். அப்பொழுது சிறிய எஞ்சின் பெரிய எஞ்சினைப் போல் இழுக்கும். பெரிய எஞ்சினைப் போலவே குடிக்கவும் செய்யும். முடுக்கியை மெல்ல அழுத்தினால் அஃது அளவாக உண்ணும் சிறிய எஞ்சினாகவே இருக்கும். ஒரே வண்டியில் இரு குணங்கள் உள்ளன. எது வெளிப்பட வேண்டும் என்பதை முடிவு செய்வது நம் பாதமே. இவ்வெஞ்சின் நிமிடத்திற்கு 1,500 சுழற்சியிலேயே தன் முழு இழுவிசையையும் தரவல்லது. ஆதலின், அஃது அலறும்வரை ஒரே கியரில் விரட்ட வேண்டுவதில்லை. முனகவும் விடாமல், அலறவும் விடாமல், 2,000 சுழற்சியை ஒட்டி அடுத்த கியருக்கு மாற்றுதல் நன்று.

மூன்றாவதாகிய உருளும் தடையைக் குறைக்க டயர்களில் காற்று அளவாக இருத்தல் வேண்டும். உரிய அளவு ஓட்டுநர் பக்கத்துக் கதவோரத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். வண்டி ஓடிச் சூடேறும் முன், காலையில் காற்றை அளந்து பார்ப்பதே முறை. கடற்கரை ஊரார் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். உப்புக் காற்று இரும்பை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். துருவேறிய பிரேக், காலை எடுத்த பின்னும் சக்கரத்தை விடாது பற்றிக்கொள்வதுண்டு. ஓடி நின்ற வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றினும் மிகச் சூடாக இருந்தால் பணிமனையில் காட்டிச் செப்பனிடல் வேண்டும்.

மயிலிறகேயாயினும் அளவின்றி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் உணர்த்துகிறார். காரின் பின்பெட்டியில் மாதக்கணக்கிற் கிடக்கும் வேண்டாத பொருள்களை இறக்கிவைத்தல் அந்நெறிப்பட்டதே. கூரைமேல் ஏற்றும் சட்டமும், அழகிற்காக மாட்டும் அகன்ற சக்கரமும் காற்றின் தடையையோ உருளும் தடையையோ கூட்டுவனவாம். எஞ்சின் ஓட நின்று உரையாடுதலும் தகாது. குளிர்சாதனமும் இயங்கினால் ஒரு மணி நேரத்தில் அரை லிட்டருக்குக் குறையாது வீணாகும். காலையில் குளிர்ந்திருக்கும் எஞ்சின் முதலிரு கிலோமீட்டரில் மிகுதியாகக் குடிக்கும். ஆதலின், தெருக்கோடிக் கடைக்குக் காரில் செல்லாமல் நடந்து செல்வது உடலுக்கும் பணப்பைக்கும் நலம்.

இனி, செலவை அளக்கும் முறையைக் கூறுவேன். டேங்கை நிறைய நிரப்பி, வண்டி அதுகாறும் ஓடிய தொலைவைக் குறித்துக்கொள்க. மறுமுறையும் நிறைய நிரப்பும்போது, இடையில் ஓடிய தொலைவை அப்பொழுது நிரப்பிய லிட்டரால் வகுக்க. 300 கிலோமீட்டர் ஓடி, 20 லிட்டர் நிரப்பினால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஆகும். அதுவே 18 ஆக உயருமாயின், அதே தொலைவிற்கு மூன்று லிட்டருக்கு மேல் மிச்சமாகும். பெட்ரோலுடன் எத்தனால் கலந்து விற்கும் வழக்கம் வளர்ந்து, 2025 ஆம் ஆண்டில் 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலினும் குறைவாதலால் ஓடும் தொலைவு சற்றே குறைதல் இயல்பு. அந்தக் குறைவையும் நல்ல செலுத்துமுறையால் ஈடுசெய்யலாம்.

இவற்றையெல்லாம் என் தங்கை மகனிடம் கூறினேன். “ஒரு மாதம் இவ்வாறு செலுத்திப் பார், பின்னர் விற்பதைப் பற்றிச் சிந்திப்போம்” என்றேன். ஏழாம் வகுப்புப் பயிலும் அவன் மகள் கணக்குப் புத்தகம் ஒன்றைத் தொடங்கினாள். நிரப்பிய நாள், லிட்டர், ஓடிய தொலைவு ஆகிய மூன்றையும் எழுதி வகுத்துத் தந்தையிடம் காட்டினாள். ஒவ்வொரு முறையும் எண் சிறிது சிறிதாக ஏறிற்று. மாத இறுதியில் ஒரு முறை நிரப்பும் செலவு குறைந்திருந்தது. அத்தொகை என் தங்கையின் கண் மருத்துவத்திற்குத் திரும்பிச் சேர்ந்தது. வண்டியும் வீட்டிலேயே நின்றது.

மாணவர்களே! நம் நாடு தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கிற்கும் மேலாக அயல்நாடுகளிலிருந்து விலைகொடுத்துப் பெறுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு காற்றிற் கலக்கிறது. ஆகவே, ஒருவர் காக்கும் ஒரு லிட்டர் அவர் வீட்டிற்கு மட்டுமன்றி நாட்டிற்கும், நாம் உயிர்க்கும் காற்றிற்கும் நலம் செய்கிறது. நீங்கள் இன்னும் வண்டி செலுத்தும் வயதை அடையவில்லை; ஆயினும், அச்சிறுமியைப் போல் உங்கள் வீட்டு வண்டிக்குக் கணக்கு எழுதலாம் அன்றோ?

சில நாள்களுக்கு முன் மீண்டும் அவனுடன் மரக்காணம் சென்றேன். கூனிமேட்டருகே அதே மூதாட்டி கூடையுடன் சாலையோரம் நின்றார். தொலைவிலேயே அவரைக் கண்ட என் தங்கை மகன் முடுக்கியிலிருந்து காலை எடுத்தான். வண்டி ஓசையின்றி அடங்கி வந்தது. அவர் அச்சமின்றிச் சாலையைக் கடந்து, அப்பால் நின்று எங்களை நோக்கித் தலையசைத்தார்.