வீட்டுப் பிள்ளையைக் கிராம சபைக்கு அழைத்துச் செல்லுங்கள்

வரத்து வாய்க்கால் தூர்ந்துவிட்டது, நெல் காயவைக்கக் களம் இல்லை, வயலுக்கு டிராக்டர் போகப் பாதை இல்லை. இந்தக் குறைகளை டீக்கடையில் பேசித் தீர்க்க முடியாது. பேச வேண்டிய இடம் கிராம சபை. உங்கள் ஊரில் நடந்த கடைசிக் கூட்டத்தில் இளைஞர்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினரே. 1989 வரை வாக்களிக்க 21 வயது வேண்டும். இப்போது 18 போதும். 17 வயது முடிந்தவர்களே படிவம் 6 கொடுத்து முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். 21 வயதில் வார்டு உறுப்பினர் பதவிக்கும் போட்டியிடலாம்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் தமிழகத்தில் கிராம சபை கூடுகிறது. 501 முதல் 3,000 பேர் வரை வசிக்கும் ஊராட்சியில் குறைந்தது 100 பேர் வர வேண்டும். பிள்ளைகள் வந்தால் எண்ணிக்கை மட்டுமல்ல, கோரிக்கையின் தரமும் கூடும்.

எப்படி என்கிறீர்களா? "வாய்க்காலைத் தூர்வார வேண்டும்" என்று பொதுவாகச் சொன்னால் அது குறையாகவே நின்றுவிடும். கைப்பேசி பழகிய பிள்ளைகளிடம் இந்த வேலைகளைக் கொடுங்கள்:

• வாய்க்காலின் சர்வே எண்ணைக் குறித்து, அடைபட்ட இடங்களைப் படம் எடுத்தல்.
• எத்தனை மீட்டர் தூர்ந்துள்ளது, கடைமடையில் எத்தனை ஏக்கர் காய்கிறது என்று அளந்து எழுதுதல்.
• ஏரி யார் பொறுப்பில் உள்ளது என்று விசாரித்தல். 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு என்றால் பொதுவாக ஊராட்சி ஒன்றியம். அதற்கு மேல் நீர்வளத் துறை.
• மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குதல்.
• தீர்மானம் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்து, அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுதல்.

தீர்மானம் போட்ட மறுநாளே பொக்லைன் வந்துவிடாது. ஆனால் எண் கையில் இருந்தால் அடுத்த கூட்டத்தில், "அந்தத் தீர்மானம் என்ன ஆயிற்று?" என்று கேட்க முடியும். விடாமல் கேட்பதுதான் இதில் பாதி வேலை. அதற்கு இளம் வயதின் தெம்பு உதவும்.

மகன் மட்டும் போதாது. மகளையும் அழைத்துச் செல்லுங்கள். பிள்ளைகள் எழுந்து பேசும்போது, "சின்னப் பையன், உனக்கென்ன தெரியும்" என்று உட்கார வைக்காதீர்கள். நாளை அந்த நிலத்தில் உழப்போவதும், உழாமல் விட்டுப் போவதும் அவர்கள் முடிவுதான். தண்ணீர் பற்றிப் பேச அவர்களுக்கு உரிமை உண்டு.